புறத்தே நிறுத்தும் வரைபடம்

கவிதை நூலைத் திறனாய்வோர் நாட்டில் பலர். உவமை எங்கே உடைந்தது, எதுகை எங்கே இடறிற்று எனத் துருவித் துருவி ஆராய்ந்து எழுதக் குறைவில்லை. ஆனால், ஆயிரம் காப்பியங்களால் ஆகாததை ஒரே கையொப்பத்தால் ஆக்கிவிடும் ஏடு ஒன்றுண்டு. அதைத் திறனாய்வார் எவரும் இலர். நகரின் நிலப்பயன் வரைபடமும், அதன் விளிம்பில் வண்ணக் கட்டங்களோடு அச்சாகும் வகைப்பாட்டுப் பட்டியலும்தான் அவ்வேடு. ஒரு வண்ணம் பூசினால் அங்கே மாடமாளிகை எழலாம். வேறு வண்ணம் பூசினால் உழவன் தன் சொந்த நிலத்திலும் ஓர் அறை கட்ட இயலாது. ஒரு சொல் நிலத்தின் விலையைப் பத்து மடங்கு ஏற்றும். மற்றொரு சொல் அந்நிலத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவனை ‘ஆக்கிரமிப்பாளன்’ ஆக்கும். சொல்லுக்கு இத்துணை ஆற்றல் தந்த ஏட்டைச் சொல் ஆராய்வோர் தொடாமலிருப்பது விந்தையன்றோ?

ஏட்டின் வரலாறு சிறிது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே சென்னைப் பெருநகருக்கு 1975-இல் முதல் முழுமைத் திட்டமும், 2008-இல் இரண்டாம் முழுமைத் திட்டமும் ஆக்கப்பட்டன. 2022-இல் அப்பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் திட்டம் எழுதும் பணியும் தொடங்கிற்று. இடையே 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளிவந்தன. சென்னைக்கு வகுத்த பட்டியலே, ஏறத்தாழ அதே முகத்தோடு, மாநிலம் முழுமைக்கும் உரியதாயிற்று. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், தீங்கு நேரக்கூடிய சிறப்புத் தொழில், திறந்தவெளியும் பொழுதுபோக்கும், வேளாண்மை, நகர்ப்புறமல்லாதது என அப்பட்டியல் ஓடுகின்றது. தென்காசிச் சீமைக்கும் அதுவே, சுந்தரபாண்டியபுரத்துக்கும் அதுவே.

கடைசிச் சொல்லைச் சற்றே நின்று பாருங்கள். நகர்ப்புறமல்லாதது! ஒன்றை இன்னதென்று கூற மனமில்லாதபோது, இன்னதன்று என்று கூறி நகர்ந்துவிடும் வழக்கம் ஆட்சி ஏடுகளுக்குப் பழையது. வருவாய்த் துறையின் ‘தரிசு’ அப்படிப்பட்டது. ‘புறம்போக்கு’ அதற்கும் மூத்தது. வரி வாங்கும் கணக்குக்குப் புறத்தே போன நிலம் என்பதே அதன் பொருள். குளம், ஓடை, மேய்ச்சல் வெளி, களம், பாதை, சுடுகாடு என ஊர் முழுவதும் கூடிப் பயன்கொண்ட அனைத்தும் அதனுள் அடங்கின. வரி தராததால் மதிப்பற்றது என்ற எண்ணம் சொல்லில் ஏறி, சொல்லிலிருந்து மனிதன் மேலும் ஏறி, இன்று அது ஒரு வசைமொழி. 2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடல் அவ்வசையைத் திருப்பிப் பிடித்து, பொதுநிலத்தின் பெயராக மீட்க முயன்றது. ஒரு சொல்லை மீட்க ஒரு பாட்டு வேண்டியிருந்தது!

வகைப்பாடே தீது என்று நான் கூறவில்லை. ஆலைப் புகை குழந்தையின் தொட்டிலுக்குள் புகாதிருக்கவே நகரங்கள் நிலத்தைப் பகுக்கத் தொடங்கின. செருமானிய நாட்டின் பிராங்பர்ட்டு நகரம் 1891-இலும், நியூயார்க்கு 1916-இலும் அவ்வகை விதிகளைச் செய்தன. 1926-இல் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதற்கு முத்திரையும் குத்திற்று. ஆயினும், அதே அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1910-இல் கறுப்பர் இன்ன தெருவில் குடியேறலாகாது என்றே சட்டம் வகுத்தது. அவ்வகைச் சட்டங்கள் செல்லாவென 1917-இல்தான் தீர்ப்பு வந்தது. ஆக, நிலத்தைப் பகுக்கும் கோல், மனிதரைப் பகுக்கவும் வளையும். தமிழனுக்கு இதை அமெரிக்கா சென்று கற்கவேண்டிய தேவை இல்லை. நம் பழைய நில ஏடுகளில் ‘ஊர் நத்தம்’ வேறு. ‘சேரி நத்தம்’ வேறு. நத்தம் என்றால் குடியிருக்கும் நிலம். குடியிருக்கும் நிலத்திலும் இரண்டு வகை கண்ட அறிவை என்னென்பது!

நிலத்தை வகுப்பதில் நமக்கு நெடிய மரபுண்டு. தொல்காப்பியம் நிலத்தை நான்காகப் பகுத்தது. பகுத்ததோடு நில்லாமல், ஒவ்வொரு நிலத்துக்கும் உணவு எது, விலங்கு எது, மரம் எது, பறவை எது, பறை எது, தொழில் எது என்று அடுக்கிற்று. அத்தொழிலுக்கு அந்நூல் இட்ட பெயர் ‘செய்தி’. நிலம் என்பது வெறும் பரப்பன்று, அங்கே மக்கள் செய்வது என்ற தெளிவு அச்சொல்லில் இருக்கின்றது. (அந்நிலங்களுக்குத் தெய்வங்களையும் அந்நூல் பகிர்ந்தளித்தது, வரைபடத்துக்கு அவை வேண்டா.)

இத்தெளிவோடு மேனாட்டார் ஒருவர் சென்னைக்கு வந்தார். பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் அவர். மலையிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல் படம் வரைந்து, சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுவோர், வேட்டுவர், ஆயர், உழவர், மீனவர் என அங்கங்கே வாழ்வாரை அதன்மேல் நிறுத்திக் காட்டியவர். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் 1914-இல் இந்தியாவுக்கு வரும் வழியில், சென்னையைச் சுட்ட அதே எம்டன் கப்பலால் கடலில் மூழ்கின. மீண்டும் படங்கள் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். நம் மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார். இடித்துத் தள்ளுவதற்கு முன் ஊரைப் படியுங்கள் என்பதே அவர் அறிவுரையின் சாரம். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் படித்த தமிழனுக்கு அவர் படம் புதிதாகத் தோன்றியிராது. குற்றாலத்து அருவிக் கரையில் நின்று, சிற்றாறு இறங்கித் தாமிரபரணியில் கலக்கும் வழியைக் கண்ணால் தொடர்ந்தாலே அப்படம் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

அதற்காக, ஐந்திணையே போதும், அதை அப்படியே எடுத்து அரசாணை ஆக்குங்கள் என்று பழமை பேசுவோரோடு நான் சேரமாட்டேன். அந்தத் தொல்காப்பியமே அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திற்று. பிறருக்காக உழைப்பவனின் காதல் கைக்கிளை, பெருந்திணைகளுக்கே பொருந்துமாம்! நிலத்தை அழகுறப் பகுத்த அறிவு, அந்நிலத்தில் கூலிக்குக் குனிந்தவனை எங்கே வைப்பதென்று வந்தபோது ‘புறம்’ என்ற சொல்லைத்தான் தேடிற்று. எந்தப் பட்டியலைக் கையிலெடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்தப் புறத்தைத்தான். இப்பட்டியல் யாரைப் புறத்தே நிறுத்துகின்றது?

நம் வட்டாரத்து நூலையே எடுத்துக்கொள்வோம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை, சந்தத்துக்காகவும் குறத்தியின் மலைவளத்துக்காகவும் புகழாதார் இல்லை. நான் அதை நில ஏடாகப் படிக்கின்றேன். பறவை பிடிக்க வரும் சிங்கனின் பகுதியில், ஆயிரப்பேரி, தென்காசி எனக் குற்றாலச் சூழலின் ஊர்களும் குளங்களும் பற்றுகளும் பெயர் பெயராக வருகின்றன. எந்த வயலில் எப்பறவை இறங்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். கணக்கரின் ஏட்டிலும் காணாத நுட்பம் அது. ஆயினும் அவன் கூறும் வயல்களில் ஒரு குழியேனும் அவனுக்கு உண்டா? இல்லை. நூலைப் பாராட்டி மன்னன் நிலம் வழங்கினான் என்றும், அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கிற்று என்றும் கூறுவர். குறவனையும் குறத்தியையும் பாடியதற்குக் கிடைத்த நிலம், புலவருக்கு! நிலத்தை அறிந்தவன் ஒருவன், நிலத்தைப் பெற்றவன் வேறொருவன் என்ற கதை, முழுமைத் திட்டம் தோன்றுவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மூரில் அரங்கேறிவிட்டது.

வெள்ளையர் ஆட்சியிலும் இதற்கு ஒரு விலக்கு நேர்ந்ததுண்டு. செங்கற்பட்டின் ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர், தீண்டாமைக் கொடுமைக்குள்ளானோரின் நிலமற்ற நிலையை 1891-இல் அறிக்கையாக எழுதினார். 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்நிலத்தைப் பிற வகுப்பார்க்கு விற்கலாகாதென்ற கட்டும் இருந்தது. பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்று பொதுவாகக் கூறப்படும் அந்தப் பஞ்சமி நிலம் இன்று எங்கே? வருவாய்க் கணக்கில் அதன் அடையாளம் ஓரளவு உண்டு. நிலப்பயன் வரைபடத்தில் அதற்கென ஒரு கோடும் இல்லை, ஒரு குறியும் இல்லை. பஞ்சமி நிலத்தின்மேல் ‘முதன்மைக் குடியிருப்பு’ என்ற வண்ணம் ஏறிவிட்டால், அதன்மேல் மனைப்பிரிவு வரையப்படும், மனை விற்கும், வரலாறு வண்ணத்தின் அடியில் உறங்கும். அதே செங்கற்பட்டு மண்ணில், காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் மாண்டனர். உயிர் கொடுத்துக் கேட்ட சொல்லை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட வைக்க மனமில்லை எனில், ‘வகைப்பாட்டைப் புதுப்பிக்கின்றோம்’ என்று கூறுவதில் புதுமை எங்கே?

‘காலனி’ என்ற சொல் இழிவின் குறியாகிவிட்டதால் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நன்று, மனமார வரவேற்கின்றேன். பெயர்ப் பலகையிலிருந்து சொல்லை நீக்குவது முதற்படி. இரண்டாம் படி வரைபடத்தில் இருக்கின்றது. தாழ்ந்த பள்ளத்தில் எந்தத் தெரு, வாய்க்காலின் கடைமடையில் எந்தத் தெரு, குப்பைக் கிடங்கின் அருகே எந்தத் தெரு என்பதைப் பழைய பெயர் இல்லாமலே புதிய வரைபடம் காத்து நிற்கக்கூடும்.

இனிக் குளத்துக்கு வருவோம். வடக்கே ஏரி, இராமநாதபுரத்தில் கண்மாய், நம் பக்கம் குளம். பெயர் எதுவாயினும் அது ஒரு நீலத் திட்டு மட்டுமன்று. மழைநீரைக் கொணரும் ஓடை உண்டு, உள்வாய் உண்டு, கரை உண்டு, மடை உண்டு, மிஞ்சிய நீர் வெளியேறும் மறுகால் உண்டு, மடையின் கீழே பற்று உண்டு. மாசியில் அதே உள்வாயில் ஆடு மேயும், பிள்ளைகள் பந்தாடுவர். ஐப்பசியில் அங்கே ஆள் மூழ்கும் நீர். நிலப்பயன் வரைபடம் இவற்றுள் நீர்ப்பரப்பை வரைகின்றது. மறுகால் ஓடுகின்ற வழி பெரும்பாலும் அதற்குக் கண்ணில் படுவதில்லை. ஏனெனில் அவ்வழி ஆண்டில் பத்து மாதம் வெறும் பொட்டல்; பொட்டலுக்கு விலை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை. தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளில் குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவாயின. நீர் எந்த வழியாக ஓடிற்று? தன் பழைய வழியாக ஓடிற்று! நாம் வரைந்த வண்ணங்களை அது படிக்கவில்லை.

காலத்துக்கு ஏற்ப நிலம் மாறும் என்ற அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை ஒரு நிலமன்று. நிலத்துக்கு நேரும் ஒரு நிலை. என்ன கூர்மையான வகைப்பாடு! இந்தக் காலக் கூறு நம் பட்டியலில் அறவே இல்லை. சென்னையின் தென்புறத்துக் கழுவெளியாகிய பள்ளிக்கரணையைப் பாருங்கள். மழையில் ஏரி, கோடையில் சேறு. ஏரி என்ற வண்ணத்துக்கும் அடங்காமல், நிலம் என்ற வண்ணத்துக்கும் அடங்காமல் நின்றதால் அது ‘பயனற்ற சதுப்பு’ ஆயிற்று. பயனற்றது என்றவுடன் பயனுக்குக் கொண்டுவந்தார்கள்: பெருங்குடியில் குப்பை மேடு, சாலை, அலுவலக மாடங்கள், தொடர்வண்டிப் பாதை. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 எக்டேரை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்து, உலகம் காக்கவேண்டிய ஈரநிலம் என்று பாராட்டினார்கள். அழிந்தபின் கிடைத்த பட்டம்! கழுவெளி என்ற தமிழ்ச் சொல்லை முதல் முழுமைத் திட்டத்திலேயே ஒரு தனி வகையாக வைத்திருந்தால் அந்த ஏமாற்றம் நேர்ந்திராது.

“வகைகளைப் பெருக்கினால் குழப்பம் பெருகும்; குழப்பம் பெருகினால் கையூட்டுப் பெருகும்” என்று திட்டக்காரர் மறுமொழி கூறுவர். அதில் உண்மையின் ஒரு பங்கு உண்டு. இன்றே கூட ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றம் வேண்டி விண்ணப்பிப்போர் வரிசை நீளம். வேளாண்மையிலிருந்து வீட்டுமனைக்கு என்றே அவ்வரிசையின் முகம் திரும்பியிருக்கின்றது. எதிர்த்திசையில் நிற்பவனை எவரும் கண்டதில்லை. 2016-இல் ஒப்புதலற்ற மனைகளைப் பதியலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தபோதுதான், எத்தனை வயல் ஓசையின்றி மனையாயிற்று என்பதை நாடு உணர்ந்தது. மறு ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ஆகவே, வகைகள் குறைவாயிருந்ததால் கையூட்டு ஒழிந்துவிடவில்லை.

சப்பான் நாட்டைப் பாருங்கள். அங்கே நகர நிலங்களுக்கு நாடு முழுமைக்கும் பன்னிரண்டு வகைகள் இருந்தன. நகருக்குள் அகப்பட்ட வயல், வீடாவதற்குக் காத்திருக்கும் வெற்றிடம் என்பதே 1968-ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டம் கொண்ட கருத்து. மக்கள்தொகை குறைந்தது, வீடுகள் காலியாயின, நகருக்குள் விளையும் கீரையின் அருமை புரிந்தது. 2015-இல் நகர வேளாண்மைக்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் செய்து, வயலும் நகரில் இருக்கவேண்டிய ஒன்றே என்று கருத்தைத் திருப்பினார்கள். 2018-இல் வயலும் வீடும் இணைந்து நிற்கும் பகுதிக்கென்று பதின்மூன்றாம் வகை பிறந்தது. நான் புதுப்பித்தல் என்பது இதைத்தான். ஓர் இடத்தின் வண்ணத்தை மாற்றுவது பழைய வேலை. வண்ணங்களின் பட்டியலையே வாழ்வுக்கேற்ப மாற்றுவது புதிய வேலை.

அப்பட்டியலை எம்மொழியில் எழுதுவது? ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கில நாளேட்டின் மூலையில் அறிவித்து, மறுப்பிருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க என்பது சட்டப்படி சரியாயிருக்கலாம். மறுப்பு எழுதவேண்டியவன் ஆடு மேய்க்கின்றான். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நடுவண் அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டது. எட்டாம் அட்டவணையின் மொழிகள் அனைத்திலும் வெளியிடுக என்று தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதை ஏற்க மனமின்றி அவ்வரசு உச்சநீதிமன்றம் வரை ஓடிற்று! தம் தாய்மொழியில் படித்துவிட்டால் மக்கள் மறுப்பெழுதிவிடுவார்கள் என்ற அச்சமா? எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் 2017-இல் எழுப்பிய குற்றச்சாட்டையும் நினைவிற் கொள்க. 1996-இல் ஏற்கப்பட்ட கரையோர வரைபடத்தில் இருந்த கழிமுகம், பின்னர் அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் இல்லை என்றார்கள் அவர்கள். வலை வீசும் நீர் கண்ணெதிரே அலையடிக்க, தாளில் அது மறைந்திருந்தது.

இத்தனையும் சென்னையின் கதை, நமக்கென்ன என்று சுந்தரபாண்டியபுரத்தார் இருக்க இயலுமா? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. தலைநகர் வளரும்போது சுற்றிலுமுள்ள சிற்றூர்களின் வயலில் எல்லைக்கல் முளைக்கும். நம் ஊர் பேரூராட்சி. ஆகவே கிராம சபை இல்லை. நூறு நாள் வேலை என்று ஏழையர் அழைத்த ஊரக வேலைத் திட்டம் பேரூராட்சிகளை எட்டவில்லை. சட்டத்தின் கண்ணில் நாம் நகர். மண்ணின் கண்ணில் நாம் உழவர். இந்த வகைப்பாடும் இறைவன் எழுதியதன்று. 2004-இல் மாநிலத்தின் 561 பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். 2006-இல் மீண்டும் பேரூராட்சிகள் என்றார்கள். ஒரு மரம் இடம் பெயரவில்லை, ஒரு வரப்பு நகரவில்லை; இரண்டே ஆண்டில் அவ்வூர் மக்கள் ஊரகத்தாராகவும் நகரத்தாராகவும் மாறி மாறிப் பிறந்தார்கள்!

ஆடி மாதத்தில் நம் சூரியகாந்தி வயல்களைக் காணக் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வருகின்றார்கள். 1992-இல் வந்த ரோஜா படமும், 2005-இல் வந்த அந்நியன் படத்துக்காக நடிகர் முகங்கள் தீட்டிய பாறையும் ஊரின் பெயரைப் பரப்பின. வயல் வேளாண்மையா, பொழுதுபோக்கா? இரண்டுமே, ஆனால் பட்டியலில் ஒன்றைத்தான் குறிக்கலாம். பொழுதுபோக்கு என்று குறித்தால் விடுதி வரும். விடுதி வந்தால் சூரியகாந்தி போகும். காணவந்தவர்கள் பின்னர் எதைக் காண்பார்கள்? வயலுக்கு வாரம் கட்டிப் பயிரிடுவோரின் பெயர் எந்த வண்ணத்திலும் இல்லை. விதைக்கவும் களையெடுக்கவும் வரும் பெண்களுக்கோ, மரநிழலையன்றி வேறு இடமே இல்லை.

வரைபடம் வந்து சேரும்வரை காத்திராமல், ஊரார் கூடி நமக்கென்று ஒரு பட்டியலைத் தமிழில் எழுதிவைத்தாலென்ன? மறுகால் ஓடும் வழி எது, ஆடு செல்லும் தடம் எது, நெல் காயும் களம் எது, ஒதுக்கப்பட்ட நிலம் எவர் கையில் இருக்கின்றது என்று வரிசையாக எழுதலாம். அதில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலத்தெருவார் பிணம் தார்ச்சாலையில் செல்ல, சேரியின் பிணம் அடுத்தவர் வயல் வரப்பில், அறுப்புக்கு முன் ஒருவழி, அறுப்புக்குப் பின் ஒருவழி என்று செல்லும் ஊர்கள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. அந்தப் பாதைக்கு எந்த வண்ணம் தருவதாய் உத்தேசம்?